டிரக் கேம்பர் எத்தனை நாள் தாங்கும்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பிக்கப் டிரக்கின் பின்தொட்டியில் ஏற்றிக் கட்டிக்கொண்டு போகும் சின்ன வீடுதான் டிரக் கேம்பர். டிரக்கின் கூரைக்கு மேலே மூக்கு நீட்டிக்கொண்டிருக்கும் பகுதியில் படுக்கை, பின்னால் அடுப்பு, தண்ணீர்த் தொட்டி, குட்டிக் கழிவறை. வேண்டாதபோது நாலு மூலையிலும் உள்ள ஜாக்கியை இறக்கி, கேம்பரை அப்படியே நிற்க விட்டுவிட்டு டிரக்கை மட்டும் ஓட்டிக்கொண்டு போய்விடலாம். பழையதாக வாங்கிய ஒன்றை நானும் என் மனைவியும் 9 ஆண்டுகளாக வைத்திருக்கிறோம். எங்கே நிறுத்தினாலும் யாராவது ஒருவர் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, "இதெல்லாம் எத்தனை நாளுக்குத் தாங்கும்?" என்று கேட்காமல் போவதில்லை. அப்படிக் கேட்டவர்களுக்குச் சொன்ன பதில்கள்தான் இவை. சக உரிமையாளர்களிடம் கேட்டுத் தெரிந்துகொண்டதும் இதில் சேர்ந்திருக்கிறது.

ஒரே வரியில் சொல்லுங்கள், நம்பி வாங்கலாமா?

வாங்கலாம். தண்ணீர் உள்ளே இறங்காமலும், டிரக் தாங்கும் எடைக்கு மேல் போகாமலும் பார்த்துக்கொண்டால் 20 ஆண்டு ஆன கேம்பர்கூட ஊர் சுற்றும். இந்த இரண்டில் ஒன்றைக் கோட்டை விட்டால் 5 ஆண்டிலேயே சுவர் உளுத்துப் போனதையும் பார்த்திருக்கிறேன். பம்ப், ஹீட்டர், ஃபிரிட்ஜ் எல்லாம் கெட்டுப் போகும். அது எரிச்சல், அவ்வளவுதான். கழற்றிவிட்டு வேறு போடலாம். சுவர் ஊறிப்போனால் கழற்றிப் போட ஒன்றும் இல்லை, சுவர்தான் கேம்பரே.

அடிக்கடி கெட்டுப் போவது எது?

எண்ணிக்கையில் பார்த்தால் அற்பமான சாமான்கள்தான். அலமாரிக் கொக்கி, கதவுக் கீல், இழுப்பறைத் தண்டவாளம், குழாய் இணைப்பு, கழன்ற ஸ்க்ரூ. ஒரு வீட்டை எடுத்து நாள் முழுக்க நிலநடுக்கத்தில் வைத்தால் என்ன ஆகுமோ அதுதான் இங்கே நடக்கிறது. இழுத்துக்கொண்டு போகும் டிரெய்லருக்குத் தனி அச்சு, தனி ஸ்பிரிங் உண்டு. கேம்பர் டிரக்கின் முதுகிலேயே உட்கார்ந்திருப்பதால் டிரக் வாங்கும் ஒவ்வொரு குத்தும் நேராக அதற்குப் போகிறது. கரடுமுரடான பாதையில் வளைவு திரும்பும்போது டிரக்கின் சட்டம் லேசாக முறுக்கிக்கொள்ளும், கேம்பரும் கூடவே முறுக்கிக்கொள்ளும். அப்படி முறுக்கும்போதுதான் மூலை இணைப்புகள் மயிரிழை அளவு வாய் திறக்கின்றன. தண்ணீருக்கு அந்த மயிரிழை போதும்.

ஒவ்வொரு நீண்ட பயணத்துக்குப் பிறகும் ஒரு கையில் ஸ்க்ரூடிரைவரோடு உள்ளே ஒரு சுற்று வருவது எங்கள் வழக்கம். முதல் ஆண்டில் ஒரு கைப்பிடி ஸ்க்ரூக்கள் தரையில் கிடக்கும், எங்கிருந்து விழுந்தவை என்றே தெரியாது. இப்போது கழன்ற ஓட்டையில் மரக்குச்சியைப் பசையோடு அடித்து, காய்ந்ததும் ஸ்க்ரூவைத் திரும்பப் போடுகிறேன். அப்படிப் போட்டது எதுவும் இதுவரை கழலவில்லை.

தண்ணீர் எங்கிருந்து உள்ளே வருகிறது?

ஓட்டை போட்ட இடத்திலிருந்தெல்லாம் வரும். கூரை நடுவிலிருந்து ஒழுகுவதாகக் கேள்விப்பட்டது மிகக் குறைவு. காற்றுப்போக்கி விசிறி, சூரியத் தகட்டின் ஒயர் இறங்கும் இடம், ஏசி, கழிவுக் குழாயின் மூச்சுக் குழல், ஜன்னல் விளிம்பு, பின் ஏணியின் பாதங்கள், மூலைப் பட்டைகள், ஜாக்கி பொருத்திய இடம். இவை எல்லாவற்றையும் விட மோசம், மூக்கின் நெற்றியில் வரிசையாக இருக்கும் சின்ன அடையாள விளக்குகள். நிற்கும்போது மழை மேலிருந்து கீழே விழுகிறது. 100 கிலோமீட்டர் வேகத்தில் அதே மழை நெற்றியில் நேராக அறைகிறது. வீட்டுக் கூரைக்கு அப்படி ஒரு சோதனை வருவதே இல்லை.

எங்களுக்கு நடந்ததைச் சொல்கிறேன். வாங்கி இரண்டாம் ஆண்டு, படுக்கை மெத்தையின் முன் ஓரத்தில் உள்ளங்கை அளவுக்கு ஒரு பழுப்புக் கறை. காப்பி சிந்தியிருக்கும் என்று நினைத்துத் துடைத்து விட்டுவிட்டேன். மூன்று மாதம் கழித்து மெத்தையைத் தூக்கினால் கீழே பிளைவுட் கறுத்துப்போய், நமுத்த வாடை அடித்தது. தச்சு வேலை தெரிந்த நண்பர் ஒருவர் வந்து பார்த்தார். கட்டைவிரலை வைத்து அழுத்தினார், விரல் முதல் கணு வரை உள்ளே போனது. ஊறிய ரொட்டியில் விரல் போவது போல. "எங்கிருந்து வருதுன்னு தெரியுமா?" என்றார். தெரியாது என்றேன். வெளியே ஏணி போட்டு ஏறி, நெற்றியில் நடு விளக்கின் மூடியைக் கழற்றினார். இரண்டு ஸ்க்ரூவில் ஒன்று பளபளப்பாக இருந்தது. மற்றது முழுக்கத் துரு, அதன் கீழே தண்ணீர் புகாமல் அடைக்கப் பூசிய சீலன்ட் பசை காய்ந்து விரிசல் விட்டு, நகத்தால் சுரண்டினாலே தூளாக உதிர்ந்தது. சுண்டுவிரல் நீளம் இல்லாத அந்த ஒரு ஸ்க்ரூவின் வழியாக வந்த தண்ணீர்தான் படுக்கைத் தளத்தில் பாதியைத் தின்றுவிட்டது. அதைப் பிரித்துத் திரும்பக் கட்ட எங்களுக்கு ஐந்து வார இறுதி ஆனது. விளக்கைக் கழற்றிப் புதுச் சீலன்ட் வைக்கப் பத்து நிமிடம் போதும்.

கறை தெரிகிற இடத்துக்கு நேர் மேலேதான் ஓட்டை இருக்கும் என்று நினைத்துவிடாதீர்கள். தண்ணீர் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு ஓடி, இரண்டு மீட்டர் தள்ளிக்கூட முகம் காட்டும்.

எந்தச் சீலன்ட் போட வேண்டும்? சிலிக்கான் போதாதா?

குளியலறைச் சிலிக்கானைத் தயவுசெய்து கேம்பரின் வெளிப்புறத்தில் போடாதீர்கள். அது சில ஆண்டுகளில் ஓரத்தில் உரியும், அப்புறம் அது இருந்த இடத்தில் வேறு எந்தச் சீலன்டும் ஒட்டாது. முந்தைய உரிமையாளர் சிலிக்கானை அள்ளிப் பூசியிருந்த ஒரு மூலையைச் சுரண்டி எடுக்க எனக்கு ஒரு பகல் முழுக்கப் போனது.

ஜன்னல், விளக்கு, பட்டை இவற்றின் அடியில் வைக்க பியூட்டைல் டேப். அது கடைசிவரை மெழுகு போல இளகியே இருப்பதால் முறுக்கத்துக்கு ஈடு கொடுக்கும். சமதளக் கூரையில் தானாகப் பரவிச் சமமாகும் லாப் சீலன்ட், செங்குத்தான இடத்துக்கு வழியாத ரகம். கூரை எந்தப் பொருள் என்று தெரிந்துகொண்டு அதற்கு ஒத்துப் போகும் சீலன்டை வாங்குங்கள். ஈபிடிஎம் ரப்பர் கூரையைப் பெட்ரோலியக் கரைப்பான் கொண்டு துடைத்தால் உப்பிப்போகும். அதே போல, அதிவேகத் தண்ணீர்ப் பீய்ச்சியை மூலைகளுக்கு நேராகப் பிடித்துக் கழுவுபவர்களைப் பார்த்தால் எனக்கு வயிறு கலங்குகிறது. பத்து ஆண்டு மழை செய்யாததை அது பத்து நிமிடத்தில் செய்துவிடும்.

பழைய கேம்பர் வாங்கும்போது எதைப் பார்ப்பது?

உங்கள் மூக்கை முதலில் நம்புங்கள். கதவைத் திறந்ததும் நமுத்த வாடை அடித்தால், அல்லது அதற்குப் பதில் வாசனைத் திரவம் தூக்கலாக அடித்தால், இரண்டுக்கும் அர்த்தம் ஒன்றுதான். அடுத்து மெத்தையைத் தூக்குங்கள். விற்பவர் முகம் சுளித்தாலும் தூக்குங்கள். அலமாரிகளின் உள் மூலைகளில் டார்ச் அடித்துப் பாருங்கள். புதிதாக வால்பேப்பர் ஒட்டியிருந்தால் ஏன் ஒட்டினார்கள் என்று கேளுங்கள்.

மரத்தில் ஈரம் அளக்கும் கருவி ஒன்று வாங்கிக்கொள்வது நல்லது. மரத்தின் ஈரம் 20 சதவீதத்துக்குக் கீழே இருக்கும்வரை உளுக்க வைக்கும் பூஞ்சை வளர முடியாது. சுவர் முழுக்க 10, 12 என்று காட்டிவிட்டு ஒரு மூலையில் மட்டும் 25 காட்டினால் அந்த மூலைக்குப் பின்னால் ஒரு கதை இருக்கிறது. அலுமினியச் சட்டத்துக்கு மேல் வைத்தால் கருவி தப்பாகக் காட்டும், அதனால் நாலைந்து இடத்தில் வைத்து ஒப்பிடுங்கள்.

வெளியே நின்று, வெயில் சாய்வாக விழும்போது சுவரின் நீளத்தோடு ஒரு கண்ணால் பாருங்கள். அடுக்கடுக்காக ஒட்டிக் கட்டிய சுவரில் ஈரம் ஏறியிருந்தால் மேல்தோல் அப்பளம் போல அங்கங்கே எழும்பியிருக்கும். அதைச் சரிசெய்வது பெரும் வேலை. நானாக இருந்தால் அங்கேயே கும்பிடு போட்டுவிட்டு வந்துவிடுவேன். ஜாக்கி பொருத்திய நாலு மூலையிலும் பட்டை சுவரிலிருந்து விலகி நிற்கிறதா என்றும் பாருங்கள். கேம்பரின் மொத்த எடையும் அந்த நாலு இடத்தில்தான் நிற்கிறது.

மரச்சட்டம், அலுமினியம், ஃபைபர்கிளாஸ்: எது நீடிக்கும்?

மரச்சட்டத்தில் அலுமினியத் தகடு அடித்த பழைய பாணிக்கு ஒரு நல்ல குணம், யார் வேண்டுமானாலும் பிரித்துக் கட்டலாம். கெட்ட குணம், ஒழுகினால் உளுக்கும். அலுமினியச் சட்டம் உளுக்காது; ஆனால் அது வெப்பத்தை நன்றாகக் கடத்தும் என்பதால், குளிரில் சட்டம் ஓடும் கோட்டிலேயே உள்ளே வியர்வை பூக்கும். சட்டம் அலுமினியமாக இருந்தாலும் தரையும் உள்சுவரும் பெரும்பாலும் மரப்பலகைதான் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

கனடாவின் நார்தர்ன் லைட், பிக்ஃபுட் ஆகியவை மேல் பாதி, கீழ் பாதி என இரண்டு ஃபைபர்கிளாஸ் ஓடுகளாக வார்த்து இணைப்பவை. கிளிஞ்சல் மாதிரி. கூரை மூலையில் இணைப்பே கிடையாது, நடு இடுப்பில் ஒரே ஒரு இணைப்பு. ஒழுகும் வாய்ப்பு அந்த அளவுக்குக் குறைகிறது. ஆனால் அவற்றிலும் ஜன்னல் உண்டு, விசிறி உண்டு, அந்த ஓட்டைகள் ஓட்டைகள்தான். ஃபைபர்கிளாஸ் வாங்கிவிட்டோம், இனிக் கூரையைப் பார்க்கவே வேண்டாம் என்று இருந்தவரின் கேம்பரில்தான் நான் பார்த்ததிலேயே மோசமாக அழுகிய தரை இருந்தது.

கூரையைத் தூக்கி இறக்கும் பாப்-அப் ரகம் எப்படி?

எடை குறைவு, காற்று பிடிக்காது, கரடுமுரடான பாதைக்குத் தோதானது. பழுதாவது வேறு இடங்களில். துணிச்சுவரின் மடிப்பில் தேய்மானம், ஜிப், கூரையைத் தூக்கும் கேஸ் ஸ்ட்ரட். கூரைமேல் சூரியத் தகடு, கூடாரம், பலகை என்று அடுக்கினால் ஸ்ட்ரட் சீக்கிரம் தளரும். ஈரத்துணியோடு மடித்து மூடி ஒரு வாரம் விட்டால் பூஞ்சை பிடித்துவிடும், பிறகு அந்தப் புள்ளிகள் போகவே போகாது. மழையில் மடிக்க வேண்டி வந்தால் வீட்டுக்கு வந்ததும் திறந்து காய வையுங்கள்.

அறையின் ஒரு பகுதி பக்கவாட்டில் வெளியே நீளும் ஸ்லைடு இருந்தால் பிரச்சினையா?

மழைநாளில் ஸ்லைடு சொர்க்கம். மோட்டார், பல்சக்கரம், சுற்றிலும் ரப்பர் விளிம்பு, சுவரில் பெரிய வெட்டு எல்லாம் சேர்ந்துதான் அந்தச் சொர்க்கம் வருகிறது. எடையும் கூடும். இரண்டு பேருக்கு மேல் போகாதவர்களுக்கு ஸ்லைடு இல்லாததையே சொல்வேன். வாங்கிவிட்டீர்கள் என்றால், கையால் உள்ளே தள்ளும் வழி எங்கே இருக்கிறது என்று முதல் நாளே செய்து பாருங்கள். ஸ்லைடு வெளியே நீண்டபடி நின்றுபோனால் டிரக்கை நகர்த்தவே முடியாது.

எடை, எடை என்கிறீர்களே, என் டிரக் பெரியதுதானே?

பெரிது என்று கண்ணால் சொல்லக் கூடாது. ஓட்டுநர் கதவைத் திறந்தால் சட்டத்தில் ஒரு ஸ்டிக்கர் இருக்கும், ஆட்களும் சாமானும் சேர்த்து எவ்வளவு ஏற்றலாம் என்று அதில் எழுதியிருக்கும். அந்த எண்தான் உங்கள் டிரக். விளம்பரத்தில் உள்ளது வேறு யாருடைய டிரக்கோ. பெயரளவில் 'அரை டன்' என்று அழைக்கப்படும் சாதாரண டிரக்குகளில் அது பெரும்பாலும் 600 முதல் 900 கிலோவுக்குள் நிற்கும். சில டிரக்குகளின் கையேட்டிலேயே கேம்பர் ஏற்ற வேண்டாம் என்று எழுதியிருக்கும், யாரும் படிப்பதில்லை.

இனி கேம்பர் பக்கம் வாருங்கள். விற்பவர் சொல்வது காலி எடை. தண்ணீர்த் தொட்டி 120 லிட்டர் என்றால் அதுவே 120 கிலோ. அதற்கு மேல் கேஸ் சிலிண்டர், பேட்டரி, ஏசி, பாத்திரம், சாப்பாடு, துணி, கருவிப்பெட்டி, நாய், நீங்கள் இருவர். காலி எடைக்கு மேல் 300 முதல் 450 கிலோ சர்வசாதாரணமாக ஏறிவிடும். 900 கிலோ கேம்பர் என்று வாங்கியவர் உண்மையில் சுமப்பது 1,300.

மிஞ்சினால் என்ன ஆகும்? முதலில் டயர். பின் அச்சின் இரண்டு டயர்தான் பெரும்பகுதி சுமையைத் தாங்குகின்றன. ஒவ்வொரு டயரின் பக்கவாட்டிலும் அது தாங்கும் எடை அச்சிட்டிருக்கும். டயரின் வயதையும் அங்கேயே படிக்கலாம். கடைசி நாலு எண்கள் 2319 என்றிருந்தால் 2019-ஆம் ஆண்டின் 23-வது வாரத்தில் செய்தது. கேம்பர் டிரக்குகள் மாதக்கணக்கில் சும்மா நிற்பவை என்பதால் பூ தேயாமலே டயர் கிழடாகிவிடும். அடுத்து பிரேக், அப்புறம் ஸ்பிரிங். கடைசியில் சட்டமே. கேபினுக்குப் பின்னால் டிரக்கின் சட்டம் வளைந்தோ முறிந்தோ போன படங்களைப் பார்த்திருப்பீர்கள். கேம்பரின் கனம் பின் அச்சுக்கு முன்னால் விழ வேண்டும். நீளமான கேம்பரைக் குட்டைத் தொட்டியில் ஏற்றி, அதன் பின்னால் மோட்டார் சைக்கிளையும் தொங்கவிட்டால் சட்டம் என்னதான் செய்யும்?

சாமான் முழுக்க ஏற்றி, தண்ணீரை நிரப்பி, எடை மேடைக்கு ஒருமுறை போய் வாருங்கள். முன் அச்சு தனி, பின் அச்சு தனி. நாங்கள் போனபோது பின் அச்சு 140 கிலோ மிகுதி. வீட்டுக்கு வந்து சாமான்களை இறக்கிப் பார்த்ததில், ஒருமுறைகூடத் திறக்காத இரும்புப் பெட்டி ஒன்று மட்டுமே 22 கிலோ.

ஸ்பிரிங்குக்குத் துணையாகக் காற்றடைத்த பை (ஏர் பேக்) போட்டுவிட்டால் கூடுதல் எடை தாங்குமே?

தாங்குவது போலத் தெரியும். டிரக்கின் பின்புறம் சமமாக நிமிர்ந்துவிடும், ஆட்டமும் குறையும். அச்சு, டயர், சக்கரம், பிரேக் எதுவும் அதனால் பலம் ஏறுவதில்லை. ஸ்டிக்கரில் உள்ள எண்ணும் மாறுவதில்லை.

கேம்பர் பின்தொட்டியிலிருந்து நழுவிவிடாதா?

சரியாகக் கட்டினால் நழுவாது. நாலு மூலையிலும் டர்ன்பக்கிள் (திருகி இறுக்கும் கொக்கிக் கம்பி) போட்டு இழுத்துக் கட்ட வேண்டும். கொக்கியைத் தொட்டியின் தகட்டில் மாட்டும் முறையை விட, டிரக்கின் சட்டத்திலேயே மாட்டும் முறை கனமான கேம்பருக்கு நம்பிக்கையானது. மெல்லிய தகடு கிழிந்த கதை நிறைய உண்டு. தொட்டியில் தடித்த ரப்பர் பாய் ஒன்று விரியுங்கள், வழுக்கல் பாதி போய்விடும்.

கிளம்பி அரை மணி ஓட்டியதும் நிறுத்தி, டர்ன்பக்கிள்களைக் கையால் அசைத்துப் பாருங்கள். கேம்பர் தன் இடத்தில் அமர்ந்து கொண்டதும் பிடி கொஞ்சம் தளரும். சரளைக் கல் பாதையில் ஒருமுறை நான் இதைச் செய்யாமல் விட்டேன். பக்கக் கண்ணாடியில் பார்த்தபோது முன் இடது டர்ன்பக்கிள் ஊஞ்சல் ஆடிக்கொண்டிருந்தது.

ஏற்றி இறக்கும்போதுதான் பெரிய விபத்துகள். மண் தரையில் ஜாக்கிக் காலுக்கு அடியில் பலகை வையுங்கள், தேவைக்கு மேல் ஓர் அங்குலமும் உயர்த்தாதீர்கள், டிரக்கைப் பின்னால் எடுக்கும்போது ஒருவர் கீழே நின்று பார்க்கட்டும். சக்கர வளைவு ஜாக்கியில் லேசாக இடித்தால் போதும், மூன்று காலில் நிற்கும் யானை மாதிரி ஆகிவிடும். எங்கள் வீட்டில் இந்த நேரத்தில் பேச்சுக்குத் தடை. "வா", "நில்" இரண்டு சொல் மட்டும்.

ஃபிரிட்ஜ் ஏன் இவ்வளவு படுத்துகிறது?

கேஸிலும் கரண்டிலும் ஓடும் பழைய உறிஞ்சு ரக ஃபிரிட்ஜ் என்றால் அதற்குச் சமதளம் வேண்டும். உள்ளே அம்மோனியாக் கரைசல் ஈர்ப்பு விசையால்தான் சுற்றி வருகிறது. சாய்வாக நிறுத்தி மணிக்கணக்கில் ஓடவிட்டால் சுற்று தடைபட்டு, நாளடைவில் நிரந்தரமாகக் கெடும். தரையில் ஒரு சின்ன ரசமட்டத்தை ஒட்டி வைத்துவிட்டால் தலைவலி குறையும். ஓட்டிக்கொண்டிருக்கும்போது குலுங்கிக்கொண்டே இருப்பதால் அவ்வளவு பாதிப்பில்லை.

ஒருமுறை எங்கள் ஃபிரிட்ஜ் கரண்டில் ஜோராக ஓடியது, கேஸில் மட்டும் பற்றவில்லை. டிக் டிக் என்று பொறி வந்தது, சுடர் வரவில்லை. மின்பலகை போய்விட்டது, மாற்ற வேண்டும் என்று ஒரு பழுதுக்கடையில் சொன்னார்கள். கிளம்பும் முன் வெளிமூடியைக் கழற்றிப் பார்த்தேன். பர்னர் குழாயின் வாயில் பஞ்சு மாதிரி வெள்ளையாக ஏதோ. சிலந்திக் கூடு. பழைய பல்துலக்கியால் எடுத்து, ஊதிவிட்டேன், பற்றிக்கொண்டது. கேஸ் வாடை சிலந்திகளை இழுக்கிறது என்று மற்றவர்களும் சொல்வார்கள். இப்போது எந்தச் சாதனம் கேஸில் பற்றாவிட்டாலும் முதலில் சிலந்தியைத்தான் தேடுகிறேன்.

இணைப்பு எதைத் தொட்டாலும் சோப்பு நுரை பூசிக் குமிழி வருகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் மூட வேண்டும். கேஸ் எச்சரிக்கைக் கருவிக்கும் ஆயுள் உண்டு, 5 முதல் 7 ஆண்டு. அதன் முதுகில் தேதி இருக்கும்.

புதிதாகப் போடுவதென்றால் 12 வோல்ட் கம்ப்ரசர் ஃபிரிட்ஜ். சாய்வு பற்றிக் கவலை இல்லை. ஆனால் பேட்டரியை விடாமல் குடிக்கும், அதற்கு ஈடாகச் சூரியத் தகடு வேண்டும்.

நடுராத்திரியில் ஹீட்டர் நின்றுவிடுகிறது. பழுதா?

பத்தில் எட்டு முறை பேட்டரி. ஹீட்டரின் விசிறி போதிய வேகத்தில் சுற்றினால்தான் காற்று உள்ளே ஒரு சின்னத் தகட்டைத் தள்ளும். அந்தத் தகடு தள்ளப்பட்டால்தான் கேஸ் திறக்கும். மின்னழுத்தம் இறங்கினால் விசிறி மந்தமாகி, தகடு அசையாது, ஹீட்டர் முயன்று முயன்று பார்த்துவிட்டு ஓய்ந்துவிடும். ஈய-அமிலப் பேட்டரி ஓய்வில் 12.6 வோல்ட் காட்டினால் நிறைவு, 12.0 என்றால் பாதிக்கும் கீழே இறங்கிவிட்டது. லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரி எடையில் பாதிக்கும் குறைவு, ஆயுளும் அதிகம். ஆனால் உறைநிலைக்குக் கீழே அதைச் சார்ஜ் செய்தால் கெட்டுப்போகும், ஆகவே கேம்பருக்குள்ளேயே கதகதப்பான இடத்தில் வையுங்கள்.

ஓட்டும்போது டிரக்கே சார்ஜ் ஏற்றிவிடும் என்று நம்பாதீர்கள். பின் சாக்கெட் வரை வரும் மெல்லிய ஒயரில் மின்னழுத்தம் பாதி வழியிலேயே சோர்ந்துவிடும். தடித்த ஒயரும், நடுவில் மின்னழுத்தத்தைச் சரிசெய்து கொடுக்கும் டிசி-டிசி சார்ஜரும் போட்ட பிறகுதான் எங்கள் பேட்டரி நிறையத் தொடங்கியது.

கழிவுத் தொட்டி எப்போதும் முக்கால் நிறைந்ததாகவே காட்டுகிறது?

காட்டும். உள்சுவரில் காகிதம் ஒட்டிக்கொண்டு சென்சாரை ஏமாற்றுகிறது. என்னென்னவோ திரவம் ஊற்றிப் பார்த்தோம், ஒரு வாரம் உண்மை பேசிவிட்டு மறுபடி பழைய குணம். நாட்களை எண்ணிக் காலி செய்யுங்கள்.

கூரை ஒழுகவில்லை, ஆனாலும் மெத்தைக்கு அடியில் ஈரம். ஏன்?

அது நீங்கள் விட்ட மூச்சு. இரண்டு பேர் ஒரு சின்னப் பெட்டிக்குள் இரவெல்லாம் மூச்சுவிட்டால் டம்ளர் கணக்கில் தண்ணீர் காற்றில் சேர்கிறது. அது குளிர்ந்த இடத்தில் போய்ப் பூக்கும். மெத்தையின் அடிப்பலகைதான் பெரும்பாலும் குளிர்ந்த இடம். எவ்வளவு குளிராக இருந்தாலும் கூரை விசிறியை இரண்டு விரல் திறந்து, கீழே ஒரு ஜன்னலையும் லேசாகத் திறந்து வையுங்கள். மெத்தைக்கு அடியில் காற்றுப் போக இடம் விடும் கண்ணறைப் பாய் போட்டோம், பாதி தீர்ந்தது. உள்ளே துணி காயப்போடுவதை நிறுத்தினோம், மீதியும் தீர்ந்தது.

புதிதாக வாங்கினால் இந்தத் தொல்லை எதுவும் இராது, சரிதானே?

இல்லை. பல உரிமையாளர்களுக்கு முதல் ஆண்டுதான் அதிகத் தொல்லை. இறுக்காமல் விட்ட குழாய் இணைப்பு, விட்டுப்போன ஒரு விரற்கடைச் சீலன்ட், தலைகீழாக மாட்டிய பம்ப் என்று தொழிற்சாலையில் விட்ட பிழைகள் ஒவ்வொன்றாக வெளியே வரும். அதனால் வாங்கிய முதல் மாதம் வீட்டுக்குப் பக்கத்திலேயே இரண்டு மூன்று இரவு தங்கி, எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் ஓடவிட்டுப் பாருங்கள். மழை வந்தால் இன்னும் நல்லது. உத்தரவாதத் தாளையும் படியுங்கள். சீலன்டைப் பார்த்துக்கொள்வது உரிமையாளர் பொறுப்பு என்று பெரும்பாலும் அதில் இருக்கும். கூரையைப் படம் எடுத்துத் தேதியோடு வைத்திருந்தால், பிறகு வாக்குவாதத்தில் உங்கள் கை ஓங்கும்.

பராமரிப்புக்கு எவ்வளவு நேரம் போகும்?

ஆண்டுக்கு நாலைந்து நாள். இரண்டு முறை கூரை ஏறிச் சீலன்ட் பார்ப்பது, ஜாக்கித் திருகில் கிரீஸ், கதவு ரப்பருக்கு எண்ணெய். வெந்நீர்த் தொட்டி இரும்பாக இருந்தால் உள்ளே இருக்கும் அனோடு தண்டைக் கழற்றிப் பார்க்க வேண்டும். தொட்டிக்குப் பதிலாகத் துருப்பிடிப்பதுதான் அதன் வேலை, முக்கால் கரைந்திருந்தால் மாற்றிவிடலாம். உறையும் குளிர் வருமுன் குழாய்களைக் காலி செய்து, கேம்பர்களுக்கென்று விற்கும் நச்சில்லாத உறையெதிர்ப்புத் திரவத்தை ஓடவிட வேண்டும். பம்ப்பை மறந்துவிட்டு மற்ற எல்லாவற்றையும் காலி செய்தவர் பலர். நானும்தான், ஒருமுறை.

அதே கேம்பரை மறுபடி வாங்குவீர்களா?

வாங்குவோம். கொஞ்சம் சின்னதாக, கம்ப்ரசர் ஃபிரிட்ஜோடு. என் மனைவிக்கு ஸ்லைடு மேல் இன்னும் ஒரு கண் இருக்கிறது, அந்தப் பேச்சு முடியவில்லை. அடுத்ததைப் பார்க்கப் போகும்போது நான் கதவைத் திறக்கும் முன் ஏணி கேட்பேன். மேலே ஏறி, கூரையில் எத்தனை ஓட்டை போட்டிருக்கிறார்கள் என்று எண்ணிவிட்டுத்தான் உள்ளே போவேன். எங்களுடையதில் 11.